கடன் பத்திரத்திலிருந்து பங்குப் பத்திரம் வரை: லோணி என்னும் வேளாண் சிற்றூரின் வரலாறு

ஷீரடிக்கு வழிபாட்டுப் பயணம் மேற்கொள்ளும் தமிழ்நாட்டு அன்பர்கள் பலர், அவ்வூருக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்துக்கும் குறைவான தொலைவில் லோணி என்றொரு சிற்றூர் இருப்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. மகாராஷ்டிர மாநிலத்தில் அகமதுநகர் என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள மாவட்டத்தில் அது அமைந்துள்ளது. மூத்த ஊர் லோணி புத்ருக்; இளைய ஊர் லோணி குர்த். இவற்றை ஒட்டிச் சர்க்கரை ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு பிரவரா நகர். மூன்றையும் சேர்த்தே மக்கள் ஓர் ஊராகக் கருதுகின்றனர்.

வேளாண்மையை நம்பி வாழும் இச்சிற்றூருக்கும் வங்கித் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கடன் ஒரு வட்டாரத்தை எவ்வாறு நலிவிக்கும் என்பதையும், முறையாகத் திரட்டப்பட்ட சிறுசிறு தொகைகள் அதே வட்டாரத்தை எவ்வாறு தலைநிமிரச் செய்யும் என்பதையும் இவ்வூரின் வரலாறு ஒருங்கே காட்டுகிறது. பயிர்க்கடன் பெறும் உழவரும், வங்கியில் சேமிப்பு வைத்திருக்கும் பிறரும் அறிந்திருக்கத்தக்க வரலாறு அது.

மழை மறைவுப் பகுதியின் மண்

சகியாத்திரி மலைத்தொடரில் ரதன்கட் பகுதியில் தோன்றும் பிரவரா ஆறு, சங்கம்னேர் வழியாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து நேவாசா வட்டத்தில் கோதாவரியுடன் கலக்கிறது. ஞானேசுவரர் பகவத் கீதைக்கு மராத்தியில் உரை செய்த நேவாசாவும் இவ்வாற்றங்கரையில் உள்ள ஊரே.

ஆறு பிறக்கும் மலையில் மழை கொட்டித் தீர்க்கும். மலையைக் கடந்து சமவெளிக்கு வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மலையே வாங்கிக்கொள்வதால், மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 600 மி.மீ. அளவைக்கூட எட்டுவதில்லை. அதுவும் ஓராண்டு பெய்தால் மறு ஆண்டு பொய்க்கும். மண்ணோ ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் கரிசல். மழை பெய்த ஆண்டில் கம்பும் சோளமும் விளையும். பொய்த்த ஆண்டில் உழவர் கடன்காரரின் வாசலில் நிற்பார். பல தலைமுறைகளாக இங்கு நிலவிய வாழ்க்கை இதுவே.

பத்திரங்கள் எரிந்த ஆண்டு

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டது. உடனே இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. தக்காணத்து உழவருக்கு வட்டிக்கடைக்காரர்கள் தாராளமாகக் கடன் கொடுத்தனர். 1865இல் போர் முடிந்ததும் தேவை குறைந்தது, விலை சரிந்தது, கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டனர். அதே காலத்தில் அரசு நிலவரியையும் உயர்த்தியது.

1859ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கடன் பத்திரங்களுக்கு மூன்றாண்டு ஆயுளை வரையறுத்திருந்தது. உழவரைக் காக்கும் நோக்குடன் கொண்டுவரப்பட்ட இவ்விதி அவருக்கே வினையாக முடிந்தது. மூன்றாண்டு முடியும்போது வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி வாங்குவது வழக்கமாயிற்று. எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 100 ரூபாய் வாங்கியவர், மூன்றாண்டில் 172 ரூபாய்க்குப் புதுப் பத்திரம் எழுதித் தருவார். அடுத்த மூன்றாண்டின் முடிவில் அது ஏறக்குறைய 296 ரூபாயாக வளர்ந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் அப்பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். கொடுத்த தொகைக்கு இரசீதும் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

1875 மே 12 அன்று புனே மாவட்டத்துச் சுபே என்னும் சந்தை ஊரில் உழவர் திரண்டு, வட்டிக்கடைகளில் இருந்த கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் பறித்துத் தீயிட்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. தங்களைக் கட்டிப்போட்டது அந்தக் காகிதமே என்று கண்டுகொண்ட மக்கள், பல இடங்களில் அதையே தேடிச் சென்றனர். கொடுத்தால் விட்டுவிட்டனர், மறுத்த இடங்களிலேயே வன்முறை மிகுந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது.

சட்டம் ஓரளவு ஆறுதல் தந்தது. ஆயினும் விதைக்கும் மாட்டுக்கும் பணம் வேண்டிய உழவர் அடுத்த ஆண்டும் யாரிடமாவது கேட்டுத்தானே ஆகவேண்டும்? மாற்று வழி கிடைக்காதவரை பத்திரத்தை எரிப்பதால் மட்டும் கடன் தீராது.

அந்த மாற்று வழிக்கான தேடலில் சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. மாகாண அரசின் அதிகாரியாகிய பிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் சிற்றூர்களில் ரைபைசன் என்பார் வளர்த்த கடன் சங்கங்களை ஆராய்ந்து 1890களில் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுச் சங்கம் அவ்வாண்டே தோன்றியது. லோணிக்கு அது வந்து சேர மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

கால்வாய் வந்தது, கவலையும் வந்தது

பிரவரா ஆற்றின் தலைப்பகுதியில் பண்டார்தரா அணையின் பணி 1910இல் தொடங்கி 1926இல் நிறைவுற்றது. அங்குத் தேக்கிய நீர், கீழே ஓஜர் தடுப்பணையிலிருந்து இடது கரை, வலது கரைக் கால்வாய்கள் வழியே சமவெளிக்குப் பாய்ந்தது. கம்பு விளைந்த கரிசலில் கரும்பு நின்றது.

ஆனால், தண்ணீர் வந்தால் செல்வமும் தானே வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கரும்புக்கு முதலீடு மிகுதி. பயிர் முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை கடன் வாங்கியே பயிரைக் காக்கவேண்டும். வெட்டிய கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சினால், வெல்லத்தின் விலையோ சந்தைக்குச் சந்தை மாறும். விலை வீழ்ந்த ஆண்டில் கடன் அப்படியே நிற்கும். இதற்கிடையே தனியார் சர்க்கரை நிறுவனங்கள் உழவரின் நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத் தாமே கரும்பு பயிரிட்டன. சொந்த நிலத்தில் கூலிக்கு உழைக்கும் நிலை உழவர் சிலருக்கு வாய்த்தது.

இச்சூழலில் ஊருக்கு வழிகாட்டியவர் விட்டல்ராவ் விகே பாட்டீல். 1897இல் லோணியில் பிறந்த இவர் அதிகம் பள்ளி சென்றவர் அல்லர். பண்ணை வேலையில் வளர்ந்தவர். 1923இல் லோணி புத்ருக்கில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். உறுப்பினர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, நியாயமான வட்டிக்குக் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தும் பழக்கம் அங்கு வேர்விட்டது. தவணை தவறியவர் அந்நியரிடம் கடன்பட்டவர் அல்லர். தம் பக்கத்து வயல்காரருக்குக் கடன்பட்டவர். இந்த நாணயக் கட்டுப்பாடே பின்னர் வந்த பெருமுயற்சிக்கு அடித்தளமாயிற்று.

ஓர் உறுப்பினர், ஒரு வாக்கு

1945இல் தக்காணக் கால்வாய்ப் பாசன உழவர்களின் மாநாடு இப்பகுதியில் கூடியது. புனேயிலுள்ள கோகலே பொருளியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பேராசிரியர் தனஞ்செயராவ் காட்கில் அங்கு முன்வைத்த கருத்து எளியது: கரும்பை விளைவிப்போரே ஆலையையும் உடைமையாகக் கொள்ளவேண்டும்.

கருத்து எளிது, பணம் எளிதன்று. விட்டல்ராவும் தோழர்களும் ஊர் ஊராகச் சென்று பங்குத் தொகை கேட்டனர். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டு நிலம் இழந்த தலைமுறையின் பிள்ளைகளிடம், இன்னொரு காகிதத்துக்குப் பணம் கேட்பதென்றால் எளிதில் நம்புவார்களா? ஆலை என்று ஒன்று எழுமா, எழுந்தாலும் நம் பேச்சு அங்கு எடுபடுமா என்ற ஐயங்கள் நியாயமானவை. கடன் சங்கத்தில் ஏற்கெனவே ஒழுங்காக வரவு செலவு நடந்ததைக் கண்டவர்கள் முதலில் முன்வந்தனர். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தனர். உறுப்பினர்களின் பங்குத் தொகையோடு பம்பாய் மாகாண அரசின் ஆதரவும், அப்போதுதான் தோன்றியிருந்த இந்தியத் தொழில் நிதிக் கழகத்தின் கடனும் சேர்ந்தன. 1948 இறுதியில் சங்கம் பதிவாயிற்று. 1950–51 பருவத்தில் அரவை தொடங்கியது. தொடக்கத்தில் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 500 டன்.

இதனை ஆசியாவின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று பலர் எழுதுவதுண்டு. அதற்கு முன்பே, 1930களில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எட்டிகொப்பாக்கா முதலிய இடங்களில் கூட்டுறவு ஆலைகள் தோன்றியிருந்தன. மகாராஷ்டிரத்தின் முதல் ஆலை என்பதும், அம்மாநிலத்தில் பின்னர் எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட கூட்டுறவு ஆலைகளுக்கு முன்மாதிரியாக விளங்கியது என்பதுமே இதன் உண்மையான சிறப்பு. அச்சிறப்பே போதுமானது.

ஆலையின் நிதி ஏற்பாட்டை வங்கிக் கண்ணோடு நோக்கினால் அதன் நுட்பம் புலப்படும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. எந்த வயலில் எந்த நாளில் கரும்பு வெட்டுவது என்பதை நடவுத் தேதியின் வரிசைப்படி ஆலையே வகுத்து வெட்டு உத்தரவு வழங்கும். வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க அதன் சர்க்கரைச் சத்து குறையும். ஆகவே வெட்டும் ஆளையும் ஏற்றிவரும் வண்டியையும் ஆலையே அமர்த்தும்.

கரும்புக் கிரயம் தரும்போது டன்னுக்கு ஒரு சிறு தொகை உறுப்பினர் பெயரில் வைப்பாகப் பிடித்தம் செய்யப்படும். எடுத்துக்காட்டாக, ஓர் உழவர் 40 டன் கரும்பு தருகிறார். டன்னுக்கு 5 ரூபாய் பிடித்தம் என்று கொள்வோம். அவருக்கு அது 200 ரூபாய். அவரைப் போல் ஆயிரம் பேர் இருந்தால் ஒரே பருவத்தில் 2 இலட்சம் ரூபாய் மூலதனம் திரண்டுவிடும். யாரும் வீட்டிலிருந்து பணம் கொண்டுவரவில்லை. கையில் வந்து செலவாகும் முன்னரே அது சேமிப்பாகிவிட்டது. முன்பு வட்டியாக ஊரை விட்டு வெளியேறிய பணம், இப்போது மூலதனமாக ஊரிலேயே தங்கியது. லோணியின் மாற்றம் முழுவதும் இவ்வொரு கணக்கில் அடங்கும்.

ஆலையைச் சுற்றி எழுந்த ஊர்

அவ்வாறு தங்கிய பணம் ஆலையோடு நின்றுவிடவில்லை. 1964இல் பிரவரா ஊரகக் கல்விச் சங்கம் தோன்றியது. 1970களில் மருத்துவமனை வந்தது. 1984இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மாநகரத்தில் மட்டுமே காணக்கூடிய சிகிச்சைக்கும் பட்டப்படிப்புக்கும் உழவரின் பிள்ளைகள் ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லவேண்டிய தேவை குறைந்தது. ஆலையின் கழிவுகளும் வருவாயாயின. கரும்புச் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகும். கழிவுப்பாகு வடிசாலைக்குச் செல்லும். சாறு தெளிந்தபின் எஞ்சும் வண்டல் வயலுக்கே எருவாகத் திரும்பும்.

ஊரின் ஆண்டு இரண்டு நாட்காட்டிகளால் நடக்கிறது. ஒன்று ஆலையின் நாட்காட்டி. ஐப்பசி, கார்த்திகையில் கொதிகலனுக்குப் பூசையிட்டு நெருப்பு மூட்டினால் பங்குனி வரை சாலையெங்கும் கரும்பு வண்டிகள் செல்லும். காற்றிலேயே பாகு மணக்கும். மற்றொன்று பண்டிகைகளின் நாட்காட்டி. திரியம்பகேசுவரத்திலிருந்து புறப்படும் நிவிருத்திநாதர் பல்லக்கு இம்மாவட்டத்தின் வழியே பண்டரிபுரம் செல்கிறது. வழிநெடுக ஊரார் அடியார்களுக்குக் கம்பு ரொட்டியும் பருப்பும் படைப்பர். மராத்திய சிராவண மாதத்து அமாவாசையில் போளா என்னும் மாட்டுத் திருநாள். கொம்புக்கு வண்ணம் தீட்டி, முதுகில் துணி போர்த்தி, எருதுகளை ஊர்வலமாக அழைத்துவந்து படையல் ஊட்டுவர். நம் மாட்டுப் பொங்கலை அறிந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஏழு நாள் இடைவிடாது நாமசங்கீர்த்தனம் நடக்கும் சப்தாகமும் இவ்வட்டாரத்தில் பெருவழக்கு. அதற்கான தானியமும் உழைப்பும் வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. பங்கு பிரித்துப் பொதுக்காரியம் செய்யும் பழக்கம் கூட்டுறவுச் சட்டத்துக்கு முன்பே இம்மக்களிடம் இருந்தது. சட்டம் அதற்குக் கணக்கேட்டையும் தணிக்கையையும் சேர்த்தது.

1961இல் விட்டல்ராவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1980இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாரளி பௌர்ணமியை மகாராஷ்டிர அரசு உழவர் நாளாகக் கொண்டாடுகிறது.

பேராசிரியரும் முன்னோடி வங்கியும்

ஆலையின் தலைவர் பொறுப்பைத் தொடக்க ஆண்டுகளில் ஏற்றவர் பேராசிரியர் காட்கில். பொருளியல் அறிஞர் ஒருவர் சிற்றூர் ஆலையின் இயக்குநர் குழுவில் அமர்ந்து, கரும்பு விலையையும் கடன் தவணையையும் உழவரோடு விவாதித்த அனுபவம் வீண்போகவில்லை.

1951–52இல் இந்திய ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் அளவாய்வின் நெறியாளுகைக் குழுவில் காட்கிலும் உறுப்பினர். உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கியது 3.1 விழுக்காடு, வணிக வங்கிகள் வழங்கியது 0.9 விழுக்காடு, வட்டிக்கடைக்காரர்கள் வழங்கியது ஏறத்தாழ 70 விழுக்காடு என்று அவ்வாய்வு வெளிப்படுத்தியது. சுபேயில் பத்திரங்கள் எரிந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் நாட்டின் நிலை அதுவே.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு அக்டோபரில் காட்கில் தலைமையிலான ஆய்வுக் குழு, வங்கிச் சேவையைப் பகுதிவாரியாகத் திட்டமிடவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக டிசம்பரில் முன்னோடி வங்கித் திட்டத்தை ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்தியது. இன்று நம் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு. அம்மாவட்டத்தின் ஆண்டுக் கடன் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அதற்கு உரியது. கடன் திட்டக் கூட்டங்களில் அமரும் நம் போன்ற அலுவலர் பலருக்கு, அந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் ஒரு கரும்பு ஆலையின் தலைவராக ஊரகக் கடனின் நடைமுறையை நேரில் கற்றவர் என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

பங்கு இல்லாதோர்

ஒரு நிறுவனத்தின் பெருமையை எழுதும்போது அதன் ஐந்தொகையின் இருபுறமும் நோக்குவதே வங்கியர் மரபு. லோணி காட்டிய வழியில் வளர்ந்த மகாராஷ்டிரக் கரும்புப் பொருளாதாரத்துக்கு இன்னும் தீராத நிலுவைகள் உண்டு.

முதலாவது, கரும்பு வெட்டும் தொழிலாளர். பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் பல இலட்சம் பேர் ஆலைப் பகுதிகளுக்கு வருகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கிடப்படுகின்றனர். பருவம் தொடங்கும் முன் மேஸ்திரியிடம் முன்பணம் பெற்று, ஆறு மாதம் உழைத்து அதனைக் கழிக்கின்றனர். கழியாவிட்டால் அடுத்த பருவத்துக்கும் கடமைப்படுகின்றனர். ஆலை உறுப்பினரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்துக்கும் இந்த முன்பணத்துக்கும் உள்ள ஒற்றுமையை எண்ணாதிருக்க இயலவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கெனச் சர்க்கரைப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஆயினும் குடும்பம் இடம்பெயரும்போது படிப்பு அறுபடுவது முற்றிலும் நின்றபாடில்லை.

இரண்டாவது, தண்ணீர். மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் மிகச் சிறு பகுதியே கொண்ட கரும்பு, பாசன நீரில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. 2005இல் மகாராஷ்டிரம் நீர்வள ஒழுங்காற்றுச் சட்டம் இயற்றியபின், வறட்சி ஆண்டுகளில் பண்டார்தரா போன்ற மேல் அணைகளின் நீரைக் கீழேயுள்ள ஜாயக்வாடி அணைக்குத் திறந்துவிடவேண்டிய நிலை ஏற்பட்டது. மேல் பகுதியினர் எதிர்த்தனர், வழக்குகளும் நடந்தன. ஒரே ஆற்றுப் படுகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் கேள்விக்கு ஆலையின் பேரவை மட்டும் விடை காண முடியாது. சொட்டுநீர்ப் பாசனமும், இவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற கொய்யா போன்ற மாற்றுப் பயிர்களும் அவ்விடையின் பகுதிகளாகக் கூடும்.

மூன்றாவது, நிர்வாகம். அம்மாநிலக் கூட்டுறவு ஆலைகளில் பல, தேர்தல் அரசியலின் களமாகவும் மாறின. உறுப்பினர் கணக்கைக் கேட்பதை நிறுத்திய இடங்களில் கடன் பெருகி ஆலைகள் நலிந்தன. சில தனியாருக்கு விற்கப்பட்டன. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது சட்டத்தில் இருந்தால் போதாது. அந்த வாக்கை உடையவர் ஆண்டறிக்கையைப் படிக்கவும் வேண்டும்.

நமக்கு உரியவை

இச்சிற்றூரின் நூற்றாண்டு வரலாற்றிலிருந்து வாடிக்கையாளர்கள் தங்கள் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு.

கையொப்பமிடும் எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்து, அதன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் இரசீது கேளுங்கள். சுபேயில் எரிந்த பத்திரங்கள் பெரும்பாலும் படிக்காமல் கைநாட்டு வைக்கப்பட்டவை.

பயிர் விற்ற பணம் கைக்கு வரும் நாளிலேயே ஒரு சிறு பகுதியைத் தொடர் வைப்பில் சேருங்கள். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று காத்திருந்தால் மிஞ்சுவது அரிது. டன்னுக்குச் சில ரூபாய் என்ற பிடித்தம் ஓர் ஊருக்குச் செய்ததை, மாதாந்திரத் தவணை ஒரு குடும்பத்துக்குச் செய்யும்.

தனியாக விற்க இயலாத விளைபொருளைச் சேர்ந்து விற்க இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உள்ளன. 10,000 நிறுவனங்களை உருவாக்கும் நோக்குடன் 2020இல் மைய அரசு தனித் திட்டம் வகுத்தது. அத்தகைய நிறுவனத்தில் பங்கு வாங்கியவர் அதன் பேரவைக் கூட்டத்துக்குச் செல்லவும், தணிக்கை அறிக்கையைக் கேட்கவும் தவறக்கூடாது. கடன் வேண்டி நம் கிளைகளை அணுகும் நிறுவனத்தில் முதலில் நாம் நோக்குவதும் அதையே: உறுப்பினர் எத்தனை பேர் உண்மையாகவே கூட்டத்துக்கு வருகின்றனர், கணக்கு ஆண்டுதோறும் முடிக்கப்படுகிறதா என்பதை. ஈடாக வைக்கும் நிலத்தின் மதிப்பைவிட இவ்விரண்டுமே கடன் திரும்புமா என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன.

இறுதியாக, கூட்டு முயற்சியில் ஈடுபடுவோர் தங்கள் பட்டியலில் யார் பெயர் விடுபட்டுள்ளது என்பதையும் ஆண்டுக்கொருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். வயலில் உழைத்தும் பட்டாவில் பெயர் இல்லாத பெண்கள், நிலமற்ற தொழிலாளர், ஆற்றின் கடைமடையில் இருப்போர் ஆகியோருக்கும் வங்கிக் கணக்கும், நியாயமான வட்டியில் கடனும், கணக்குக் கேட்கும் உரிமையும் சென்றடையும்போதுதான் லோணியில் தொடங்கிய பணி நிறைவுபெறும். உங்கள் பகுதியில் அத்தகையோர் குழுவாகச் சேர்ந்து கணக்குத் தொடங்க விரும்பினால், அருகிலுள்ள நம் கிளையையோ மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையோ அணுகலாம்.